டூம் வந்த இரவும் படுத்துப்போன நெட்வொர்க்குகளும்

கம்ப்யூட்டர் கேம்ஸ் பற்றிப் பேச்சு வந்தால் போதும், யாராவது ஒருவர் இந்தக் கதையை எடுத்து விடுவார். 1993 டிசம்பரில் டூம் வந்தது, வந்த அன்றே அமெரிக்கப் பல்கலைக்கழக நெட்வொர்க்குகள் எல்லாம் படுத்துவிட்டன, உடனே எல்லா இடத்திலும் தடை போட்டார்கள். சொல்பவர் கேமர் என்றால் "பாத்தியா, எங்க கேமோட பவரை!" என்று முடிப்பார். சிஸ்டம் அட்மின் என்றால் "பசங்க கையில நெட்வொர்க்கைக் கொடுத்தா இதான் கதி" என்று முடிப்பார்.

இரண்டுமே அரைக் கதை. அந்த நாட்களில் நடந்தவை ஒன்றோடொன்று பெரிய சம்பந்தம் இல்லாத மூன்று நான்கு சம்பவங்கள். எல்லாவற்றையும் ஒரே மூட்டையில் கட்டி "டூம் தடை" என்று பெயர் வைத்துவிட்டார்கள். மூட்டையைப் பிரித்துப் பார்த்தால் விஷயம் வேறு மாதிரி இருக்கிறது.

முதலில் டவுன்லோடு கதை. டூமை உருவாக்கியது அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்தின் மெஸ்கீட் என்ற ஊரில் இருந்த இட் சாஃப்ட்வேர். ஜான் கார்மாக், ஜான் ரொமேரோ இருந்த சின்ன டீம். 1992-ல் வுல்ஃபென்ஸ்டைன் 3டி வெளியிட்டு ஏற்கெனவே பெயர் வாங்கியிருந்தார்கள். டூம் ஷேர்வேர் முறையில் வந்தது. முதல் பாகம் இலவசம், யாருக்கு வேண்டுமானாலும் காப்பி போட்டுக் கொடுக்கலாம். மிச்சப் பாகங்களுக்குத்தான் காசு.

அந்த இலவசப் பாகத்தை எங்கே ஏற்றுவது? 1993-ல் நல்ல வேகமான இன்டர்நெட் லைன் இருந்த இடங்களில் பெரும்பாலானவை பல்கலைக்கழகங்கள்தான். அதனால் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் பார்க்சைட் வளாகத்தில் இருந்த எஃப்டிபி சர்வரைத் தேர்ந்தெடுத்தார்கள். டிசம்பர் 10-ஆம் தேதி வரப்போகிறது என்று தெரிந்து அந்த சர்வரில் ஆட்கள் முன்கூட்டியே லாகின் செய்து இடம் பிடித்து உட்கார்ந்துவிட்டார்கள். முதல் நாள் முதல் ஷோ கூட்டம் மாதிரி. கடைசியில் ஃபைலை ஏற்ற வேண்டிய கம்பெனிக்காரரே உள்ளே நுழைய முடியவில்லை! பெட்டியோடு வந்த ஆபரேட்டருக்கே தியேட்டரில் இடமில்லை என்ற நிலைமை :-) அப்புறம் அட்மின் அனுமதி எண்ணிக்கையைக் கூட்டி எப்படியோ ஏற்றினார்கள். ஏற்றி முடித்ததும் ஆயிரக்கணக்கானவர்கள் ஒரே நேரத்தில் பாய, பல்கலைக்கழக நெட்வொர்க் விழுந்தது.

இதில் கவனிக்க வேண்டியது, அந்த நெட்வொர்க் விழுந்தது யாரும் டூம் ஆடியதால் அல்ல. விழுந்தது கூட்ட நெரிசலால். அந்த இடத்தில் வேறு எந்த ஃபைலுக்கு அத்தனை பேர் வந்திருந்தாலும் விழுந்திருக்கும்.

இரண்டாவது கதைதான் சுவாரஸ்யமானது. டூமை நெட்வொர்க்கில் நான்கு பேர் வரை சேர்ந்து ஆடலாம். ஒருவரையொருவர் சுட்டுக்கொள்ளும் ஆட்டத்துக்கு ரொமேரோ வைத்த பெயர் டெத்மேட்ச். அன்றைய பிசி டாஸில் ஓடியது. டாஸில் டிசிபி/ஐபி தானாக வராது. ஆனால் காலேஜ் லேப்களிலும் ஆபீஸ்களிலும் நாவல் நெட்வேர் இருந்தது, அதனுடன் ஐபிஎக்ஸ் புரோட்டோகால் இருந்தது. டூமும் அதையே பிடித்துக்கொண்டது. புதிதாக எதுவும் வாங்க வேண்டாம், லேபில் உட்கார்ந்தால் போதும்.

டூம் நெட்வொர்க்கில் அனுப்புவது படத்தையோ மான்ஸ்டர் எங்கே நிற்கிறது என்ற விவரத்தையோ அல்ல. ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும் முழு ஆட்டமும் தனித்தனியாக ஓடும். "இவர் முன்னால் நடந்தார், வலது பக்கம் திரும்பினார், சுட்டார்" என்ற கட்டளை மட்டும்தான் போய்வரும், வினாடிக்கு 35 முறை. நான்கு கம்ப்யூட்டரும் அதே கட்டளைகளை அதே வரிசையில் கணக்குப் போடுவதால் நான்கிலும் ஒரே காட்சி வரும். அழகான ஏற்பாடு.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. நான்கு பேர், தலைக்கு வினாடிக்கு 35 பாக்கெட், மொத்தம் 140. ஒரு பாக்கெட் 100 பைட் என்றே வைத்துக்கொண்டாலும் வினாடிக்கு 1,12,000 பிட். அன்றைய ஈதர்நெட்டின் வேகம் வினாடிக்கு ஒரு கோடி பிட். அதாவது ஒரு ஆட்டம் கேபிளில் எடுத்துக்கொண்டது சுமார் ஒரு சதவீதம். ஒரு சதவீதத்துக்கா நெட்வொர்க் படுக்கும்?

படுக்கும். காரணம் அளவில் இல்லை, அனுப்பிய விதத்தில் இருக்கிறது. டூமின் முதல் பதிப்புகள் எல்லாப் பாக்கெட்டையும் பிராட்காஸ்ட்டாக அனுப்பின. சாதாரணப் பாக்கெட் என்பது தபால் மாதிரி, மேலே ஒரு முகவரி இருக்கும். அன்றைய கோஆக்ஸ் கேபிளில் ஒருவர் அனுப்புவது அந்தக் கேபிளில் உள்ள எல்லோர் காதிலும் விழும் என்பது உண்மைதான். ஆனால் நெட்வொர்க் கார்டே முகவரியைப் பார்த்து, "நமக்கில்லை" என்று தூக்கிப் போட்டுவிடும். பிராசஸருக்கு அப்படி ஒன்று வந்துபோனதே தெரியாது. பிராட்காஸ்ட் என்பது தண்டோரா. ஊரில் உள்ள ஒவ்வொருவரும் கை வேலையைப் போட்டுவிட்டு என்ன சொல்கிறான் என்று கேட்டே ஆக வேண்டும். கேட்ட பிறகுதான் "அட, இது நமக்கில்லை" என்று திரும்பிப் போக முடியும்.

பிசி விஷயத்தில் "கேட்பது" என்றால், கார்டு ஒரு இன்டரப்ட் போடும், பிராசஸர் செய்துகொண்டிருந்ததை நிறுத்தும், பாக்கெட்டை உள்ளே இழுக்கும், ஐபிஎக்ஸ் சாஃப்ட்வேர் அதைப் பார்த்துத் தள்ளும். அன்று எங்கு பார்த்தாலும் இருந்த என்இ2000 ரகக் கார்டுகளும் அவற்றின் மலிவுக் காப்பிகளும் வேறு, பாக்கெட்டைத் தாமே மெமரியில் கொண்டுபோய் வைக்காது. பிராசஸர்தான் போர்ட் வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக அள்ள வேண்டும். டூம் ஆடுபவனிடம் புத்தம்புது 486 இருக்கும். அதே கேபிளின் மறுமுனையில் பழைய 286-ல் லெட்டர் டைப் செய்துகொண்டிருக்கும் ஆபீஸ் ஊழியரின் பிராசஸரும் இவன் ஆட்டத்துக்காக வினாடிக்கு 140 முறை தலையாட்ட வேண்டும். ஒரு ஆட்டம் என்றால் தாங்கலாம். வளாகத்தில் ஒரே நேரத்தில் பத்து ஆட்டம் என்றால் 1400.

இன்னொரு சிக்கலும் இருந்தது. கட்டடங்களை பிரிட்ஜ் போட்டு இணைத்து, மொத்த வளாகத்தையும் ஒரே நெட்வொர்க்காக ஓட்டும் பழக்கம் அப்போது பல இடங்களில் உண்டு. முகவரியுள்ள பாக்கெட் எந்தப் பக்கம் போக வேண்டும் என்று பிரிட்ஜுக்குத் தெரியும், மறுபக்கம் விடாது. பிராட்காஸ்ட் என்றால் அதற்கு வேறு வழியில்லை, எல்லாப் பக்கமும் விட்டே ஆக வேண்டும். இரண்டு கட்டடங்களுக்கு நடுவே மெதுவான 56 கிலோபிட் லைன் இருந்தால், அந்த ஒரு சதவீதம்கூட அந்த லைனுக்கு இரண்டு மடங்குச் சுமை. சம்பந்தமே இல்லாத கட்டடத்தில் மெயில் நிற்கும், பிரிண்ட் நிற்கும். அங்கே இருப்பவர்களுக்குக் காரணமும் தெரியாது. டூம் என்ற பெயரைக்கூட அவர்கள் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள்.

கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் கம்ப்யூட்டர் பிரிவு, கேம் வெளியான அன்றே ஒரு அறிவிப்பு விட்டது. தயவுசெய்து டூமை நெட்வொர்க் முறையில் ஆடாதீர்கள், வளாக நெட்வொர்க்குக்குப் பெரிய பிரச்சினையாக இருக்கிறது, ஆடினால் உங்கள் பிசியைத் துண்டிக்க வேண்டியிருக்கும் என்பது அதன் சாரம். அதிகாரத்தனமாகத் தெரியலாம். ஆனால் அன்று வந்த எல்லா நடவடிக்கைகளிலும் சரியானது இதுதான். கேமை விடு என்று அவர்கள் சொல்லவில்லை, நெட்வொர்க் முறையை மட்டும் விடு என்றார்கள். எது நோவு என்று கண்டுபிடித்து அதை மட்டும் தொட்டார்கள். இத்தனைக்கும் 1980-களிலேயே ஐபிஎம்முடன் சேர்ந்து ஆண்ட்ரூ என்ற திட்டத்தில் வளாகத்தையே நெட்வொர்க்கால் இணைக்கத் தொடங்கிய இடம் அது.

மற்ற இடங்களைப் பாருங்கள். டெக்சாஸ் ஏ அண்ட் எம் தன் சர்வர்களிலிருந்து டூமை அழித்தது. லூயிவில் பல்கலைக்கழகத்தில் ஒரு லேப் பொறுப்பாளர், சிஸ்டம் முழுக்கத் தேடி டூமை டெலிட் செய்ய ஒரு புரோகிராமே எழுதினார். அவருடைய தலைவலி, மாணவர்கள் ஒருவர் மேல் ஒருவர் விழுந்தடித்துக்கொண்டு லேபுக்குள் ஓடி வருகிறார்கள் என்பது. இது கேபிள் பிரச்சினையே இல்லை, நாற்காலிப் பிரச்சினை! தனியாக ஆடும் டூம் நெட்வொர்க்கில் ஒரு பாக்கெட் கூடப் போடாது. ஆனால் அசைன்மென்ட் முடிக்க வந்தவனுக்கு உட்கார இடம் இருக்காது. அந்தக் குறை நியாயமானது. அதற்குத் தீர்வு நேர ஒதுக்கீடோ கூடுதல் மெஷினோ. அதையும் "டூம் நெட்வொர்க்கைக் கெடுக்கிறது" என்ற கணக்கில் சேர்த்ததுதான் தவறு. பல்கலைக்கழகங்கள் மட்டும் என்று இல்லை, சிப் செய்யும் இன்டெல் கம்பெனியே உள்ளுக்குள் டூமைத் தடை செய்தது.

சரி, கேபிள் பிரச்சினை எப்படித் தீர்ந்தது? தடையால் இல்லை. 1994 பிப்ரவரியில் டூம் 1.2 வந்தது. ஆட்டம் நடக்கும்போது பிராட்காஸ்ட் செய்வதை நிறுத்தி, ஒவ்வொரு ஆட்டக்காரருக்கும் தனித்தனி முகவரியில் பாக்கெட் அனுப்பும் வேலையை அதில் செய்திருந்தார்கள். வெளியான நாளிலிருந்து சுமார் பத்து வாரம், அவ்வளவுதான்.

இங்கே ஒரு வேடிக்கை இருக்கிறது. தண்டோராவுக்குப் பதில் தபால் என்றால் ஒவ்வொருவரும் மற்ற மூன்று பேருக்கும் மூன்று தபால் போட வேண்டும். 140 பாக்கெட் இருந்த இடத்தில் கணக்குப்படி 420. கேபிளில் சுமை மூன்று மடங்கு கூடியது, ஆனால் ஊருக்குத் தொல்லை போனது! பேண்ட்வித்தை மட்டும் அளந்து கேமை நல்லது கெட்டது என்று முடிவு செய்திருந்தால் 1.2-ஐத்தான் முதலில் தடை செய்திருக்க வேண்டும்.

முதல் பதிப்பில் ஏன் அப்படி எழுதினார்கள் என்று கேட்கலாம். நாலு பிசி உள்ள ஒரு அறையில் பிராட்காஸ்ட்தான் சுலபமான வழி. ஒரு முறை கத்தினால் எல்லோருக்கும் கேட்கும், யார் எங்கே என்று கணக்கு வைக்க வேண்டாம். அதே கேபிளில் நானூறு பேர் இருக்கும்போதுதான் அதன் விலை தெரியும். அந்த விலையைக் கொடுப்பது கத்துகிறவன் இல்லை, மற்ற 396 பேர்.

அதனால் அட்மின்களை வில்லனாக்கும் கேமர்கள் கொஞ்சம் யோசிக்க வேண்டும். முதல் பத்து வாரம் அவர்கள் பக்கம் முழு நியாயம் இருந்தது. பிராட்காஸ்ட்டை மட்டும் தனியாக வடிகட்டும் வசதி பல இடங்களில் கையில் இல்லாதபோது பிளக்கைப் பிடுங்குவது ஒன்றுதான் வழி. ஆனால் 1.2 வந்த பிறகும் பழைய காரணத்தையே சொல்லி மறுத்தால் அதை நெட்வொர்க் நிர்வாகம் என்று சொல்ல முடியாது. ஆபீஸில் வேலை பார்ப்பவர் சாயங்காலம் வீட்டுக்குப் போய்த் தன் சொந்த லைனில் என்ன வேண்டுமானாலும் ஆடலாம். வளாகத்தில் தங்கிப் படிப்பவனுக்கு லேபும் அதுதான், வீடும் அதுதான். இரவு பதினொரு மணிக்கு அவன் ஆடுவதைப் பகல் பதினொரு மணி ஆபீஸ் விதியால் அளப்பது எப்படிச் சரியாகும்?

ஹார்டுவேர் பக்கமும் சீக்கிரமே மாறியது. நீள கோஆக்ஸ் கேபிளில் வரிசையாக டி கனெக்டர் போட்டு எல்லோரையும் கோப்பது, ஒருவன் தன் கனெக்டரைச் சரியாகக் கழற்றாமல் நடுவில் பிரித்தால் அந்த வரிசையே செத்துப்போவது, இந்தக் கூத்தெல்லாம் ட்விஸ்டட் பேர் கேபிள் பரவியதும் குறைந்தது. ஹப் போய் ஸ்விட்ச் வந்தது. யாருக்குத் தபாலோ அந்த போர்ட்டுக்கு மட்டும் ஸ்விட்ச் அனுப்பும். தண்டோராவை மட்டும் இன்றைக்கும் ஸ்விட்ச் எல்லா போர்ட்டுக்கும்தான் அனுப்புகிறது. பெரிய வளாகங்களில் விலான் போட்டு நெட்வொர்க்கைத் துண்டு துண்டாகப் பிரிப்பதற்கு ஒரு முக்கியக் காரணம் அது.

1996-ல் குவேக் வந்தபோது இட் சாஃப்ட்வேர் முறையையே மாற்றிவிட்டது. சர்வர் ஒன்று நடுவில் உட்காரும், மற்றவர்கள் டிசிபி/ஐபி வழியாக அதனுடன் மட்டும் பேசுவார்கள். அதே வருடக் கடைசியில் மோடம் ஆட்களுக்காக குவேக்வேர்ல்டும் வந்தது. பல்கலைக்கழக லைனில் ஆடியவனுக்குப் பிங் மிகக் குறைவு, டயல்-அப் ஆசாமி கதவைத் திறப்பதற்குள் இவன் சுட்டு முடித்திருப்பான். மூன்று வருடத்துக்கு முன் துண்டித்துவிடுவோம் என்று மிரட்டப்பட்டவர்கள்தான் இப்போது எல்லோருக்கும் பொறாமை தந்த ஆட்டக்காரர்கள்.

கொசுறு: 1997 டிசம்பரில் டூமின் சோர்ஸ் கோடை கார்மாக் வெளியிட்டார். அதோடு ஐபிஎக்ஸ் டிரைவரின் கோடும் வந்தது. சி தெரிந்தவர்கள் திறந்து பார்க்கலாம். ஆட்டம் தொடங்கும் முன் கூட ஆட யார் யார் இருக்கிறார்கள் என்று தேடும் இடத்தில் மட்டும் "எல்லோருக்கும் அனுப்பு" என்று இருக்கும். ஆள் கிடைத்த பிறகு அவரவர் முகவரிக்குத்தான் போகும்.