கிணறும் தோட்டமும் திண்ணையும்: திருவாதவூரை முன்வைத்து மனைசார் உரிமைகளின் வரலாறு

ஆய்வுச்சுருக்கம்

ஊர்ப்புற வீட்டின் கிணறு, அதன் நீர் பாயும் தோட்டம், வாசலிலுள்ள திண்ணை ஆகியன வாழ்வியல் வசதிகளாகவே பெரும்பாலும் நோக்கப்பட்டுள்ளன. கல்வெட்டு, செப்பேடு, சட்டம் ஆகிய மூவகைச் சான்றுகளைக் கொண்டு பார்க்கும்போது, இவை நெடுங்காலம் எல்லோர்க்கும் பொதுவாக இருக்கவில்லை என்பதும், அரசு அளித்துச் சிலர் பெற்ற உரிமைகளாக இருந்தன என்பதும் புலனாகின்றன. அளிக்கப்பட்ட உரிமை நிலவுடைமையின் பகுதியாகவும், பின்னர் பொதுக் கிணறுகளைப் பொறுத்தவரை குடிமை உரிமையாகவும் மாறியதை இக்கட்டுரை திருவாதவூரைத் தொடக்கமாகக் கொண்டு ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: திருவாதவூர், கிணறு, துரவு, கமலை, திண்ணை, மனை உரிமை, நிலத்தடி நீர்.

முன்னுரை

மதுரை மாவட்டம் மேலூர் வட்டத்தில் அமைந்துள்ள திருவாதவூர், மாணிக்கவாசகர் பிறந்த ஊராகவும், சங்கப் புலவர் கபிலரோடு மரபு தொடர்புபடுத்தும் ஊராகவும் அறியப்படுவது. திருமறைநாதர் கோயிலும் ஊரின் பெரிய கண்மாயும் ஆய்வாளர் கவனத்தைப் பெற்றுள்ளன. மாணிக்கவாசகரின் இல்லம் இருந்ததாகக் கருதப்படும் இடத்திலும் இன்று ஒரு சிறு கோயிலே உள்ளது. வீடு ஒன்று நினைவில் நிலைபெற வேண்டுமாயின் அது கோயிலாக வேண்டியிருந்தது என்பதற்கு இதனைச் சான்றாகக் கொள்ளலாம். கோயிலாகாத வீடுகளின் வரலாறு எழுதப்படவில்லை. கண்மாய்ப் பாசனம் குறித்த ஆய்வுகள் பெருகியுள்ள அளவுக்கு வீட்டுக் கிணறு குறித்த ஆய்வுகள் பெருகாமையும் இதனோடு தொடர்புடையது.

வாசலில் திண்ணை, பின்புறத்தில் கிணறு, கிணற்றை ஒட்டித் தோட்டம் என்னும் மனையமைப்பு மதுரைச் சமவெளியில் பரவலாக அறியப்பட்டது. இவ்வமைப்பு யாருக்கு வாய்த்தது, யாருக்கு மறுக்கப்பட்டது என்பதே இக்கட்டுரையின் வினா.

1. உறை என்னும் சொல்

திருவாதவூரை அடுத்த ஓவாமலையில் சமணர் தங்கிய குகைத்தளமும் இரண்டு தமிழ்பிராமிக் கல்வெட்டுகளும் உள்ளன. ஒன்று பாங்காடு என்னும் ஊரைச் சேர்ந்த அரிதன் செய்வித்ததைக் கூறுகிறது. மற்றொன்று உபாசகனான பரசு என்பவன் 'உறை' குடைவித்ததைக் கூறுகிறது. இங்கு உறை என்பது உறைவிடம். இவ்வூர்ப் பகுதியில் கிடைக்கும் மிகப் பழைய எழுத்துச் சான்றே ஓர் இருப்பிடம் அமைத்ததைப் பற்றியது என்பது நம் பொருளுக்குப் பொருத்தமான தொடக்கமாகும். ஆயினும், அவ்வுறைவிடம் துறவியர்க்கு உரியது. அதனைச் செய்வித்தவர்கள் தம் பெயரைக் கல்லில் பொறித்தனர். அவர்கள் தாம் வாழ்ந்த வீடுகளைப் பற்றி எந்தப் பொறிப்பையும் விடவில்லை.

உறை என்னும் சொல் சுடுமண் வளையத்தையும் குறிக்கும். அவ்வளையங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி அமைப்பது உறைகிணறு. மதுரைக்குத் தென்கிழக்கே உள்ள கீழடியில் 2014-15ஆம் ஆண்டு முதல் நடைபெற்ற அகழாய்வுகளில் செங்கற் கட்டுமானங்களோடு உறைகிணறுகளும் வெளிப்பட்டன. அரிக்கமேடு, காவிரிப்பூம்பட்டினம் ஆகிய இடங்களிலும் இத்தகைய கிணறுகள் கிடைத்துள்ளன. மணலும் வண்டலும் சரியும் ஆற்றங்கரை நிலத்துக்கு உறை தேவை. மேலூர்ப் பகுதியோ கருங்கற்பாறை நிலம். இங்கு மேல்மண்ணைக் கடந்ததும் பாறையை உடைத்தே நீரை அடைய வேண்டும். எனவே, இங்குக் கிணறு வெட்டுதல் என்பது கூலியாட்களையும் காலத்தையும் பெருமளவு கோரும் வேலையாக இருந்தது. தோண்டும்போது வெளிப்படும் கல் கிணற்றின் சுற்றுச்சுவருக்கும் வீட்டின் அடிமானத்துக்கும் திண்ணைக்கும் பயன்படத்தக்கது. இந்நிலப்பகுதியில் கிணறும் வீடும் பொருளளவிலேயே உறவுடையன எனலாம்.

2. செப்பேடுகளில் மனை உரிமைகள்

கிணறு, தோட்டம், கட்டடம் ஆகிய மூன்றும் ஒருங்கே குறிக்கப்படுவதைப் பல்லவர், சோழர் செப்பேடுகளில் காணலாம். இவை மதுரைப் பகுதிக்கு நேரடியாக உரியன அல்லவெனினும், இடைக்காலத் தமிழகத்தின் மனை உரிமைக் கருத்தை விரிவாகக் காட்டுவதால் ஒப்பீட்டுச் சான்றாக இங்குக் கொள்ளப்படுகின்றன. முதலாம் இராசராசன் காலக் கொடையைக் கூறும் ஆனைமங்கலச் செப்பேடும், முதலாம் இராசேந்திரனின் திருவாலங்காட்டுச் செப்பேடும் ஊரைக் கொடையாக அளிக்கும்போது, கொடை பெறுவோர் என்னென்ன செய்யலாம் என்பதையும் வரிசைப்படுத்துகின்றன. சுட்ட செங்கல்லால் மாடமாளிகை எடுத்தல், துரவும் கிணறும் தோண்டுதல், தென்னந்தோப்பு வைத்தல், மருவும் தமனகமும் செங்கழுநீரும் நடுதல் ஆகியன அப்பட்டியலில் இடம்பெறுகின்றன.

இப்பட்டியலை வளத்தின் வருணனையாகப் படிக்கும் வழக்கம் உண்டு. அதன் இலக்கண வடிவமோ வேறொன்றைச் சொல்கிறது. ஒவ்வொரு செயலும் 'பெறுவதாகவும்' என்னும் சொல்லால் முடிகிறது. செய்வதற்கு அரசனின் அனுமதி வேண்டியிருந்ததால்தான் அது எழுதித் தரப்பட்டது. ஓர் ஊரார்க்கு எழுதித் தரப்பட்ட உரிமை, எழுதித் தரப்படாத மற்றவர்க்கு இயல்பாக இருந்தது என்று கொள்வதற்கில்லை. அதே பட்டியலில் தென்னையிலும் பனையிலும் ஈழவர் ஏறலாகாது என்னும் விலக்கும் இடம்பெறுகிறது. தோட்டம் வைக்கும் உரிமையும் தோட்டத்து மரத்தில் ஏறுவதற்கான தடையும் ஒரே ஆவணத்தில் அடுத்தடுத்து நிற்கின்றன.

கரூர்க் கோயிலில் உள்ள கொங்குப் பகுதிக் கல்வெட்டொன்று இதனை மேலும் தெளிவாக்குகிறது. வெங்கால நாட்டுக் கம்மாளர்க்கு அரசன் வழங்கிய உரிமைகளை அது கூறுகிறது. நன்மை தீமைகளுக்கு இரட்டைச் சங்கு ஊதிக்கொள்ளுதல், வெளியே செல்லும்போது காலணி அணிதல் ஆகியவற்றோடு, தம் வீடுகளுக்குச் சாந்து பூசிக்கொள்ளுதலும் அவற்றுள் ஒன்று. பிறர் வீடுகளையும் கோயில்களையும் கட்டிய கைகளுக்குத் தம் சொந்தச் சுவருக்குச் சாந்து பூச அரசாணை தேவைப்பட்டது.

பிற்கால ஆவணங்களில் இவ்வுரிமைகள் நிலத்தோடு ஒட்டிய பொருள்களாகின்றன. நில விற்பனைக் கல்வெட்டுகளில் மேல்நோக்கிய மரமும் கீழ்நோக்கிய கிணறும் நிலத்துடன் சேர்ந்தே கைமாறுகின்றன. விசயநகர, நாயக்கர் கால ஆவணங்கள் கூறும் அட்டபோகத்தில் சலம், தரு, பாசாணம் என நீரும் மரமும் கல்லும் இடம்பெறுகின்றன. கிணற்றுக்கும் தோட்டத்துக்கும் கட்டடத்துக்கும் வேண்டிய மூலப்பொருள்கள் இவையே. அரசன் ஒரு குழுவுக்குத் தந்த அனுமதி, விலை கொடுத்து வாங்கத்தக்க உடைமையாக மாறியதை இத்தொடர்கள் காட்டுகின்றன.

3. நீர் இறைப்பும் உழைப்பும்

கிணறு இருந்தால் மட்டும் தோட்டம் அமையாது. நீரை மேலேற்ற வேண்டும். வீட்டுத் தேவைக்கு உருளையும் தாம்புக் கயிறும் போதுமானவை. குடிக்கவும் சமைக்கவும் நீர் இறைத்தவர்கள் பெரும்பாலும் பெண்களே. துவைகல்லிலிருந்தும் பாத்திரம் கழுவும் இடத்திலிருந்தும் வழியும் நீர் வாழைக்கும் அவரைப் பந்தலுக்கும் சென்றது. தனியே தோட்டத்துக்கு இறைக்காமலேயே புறக்கடை பசுமையாக இருந்ததன் பின்னணியில் இம்மறுபயன்பாடு உள்ளது.

பெருந்தோட்டத்துக்கு ஏற்றமும் கமலையும் தேவைப்பட்டன. ஏற்றத்தில் ஒருவர் மரத்தின்மேல் ஏறி முன்னும் பின்னும் நடக்க, மற்றொருவர் கிணற்றடியில் சாலைப் பிடித்து நீரை ஊற்றுவார். இறைத்த சால்களின் எண்ணிக்கையைப் பாட்டே வைத்துக்கொண்டது. கமலையில் மனித உழைப்பு குறைந்து மாட்டின் உழைப்பு மிகுகிறது. காளைகள் சரிவுப் பாதையில் இறங்கும்போது வடக்கயிறு சாலை மேலே இழுக்கும். சாலின் அடியில் பொருத்திய தோல்வாயைத் தனிக்கயிறு மடித்துப் பிடித்திருக்கும். மேலே வந்ததும் அவ்வாய் தொட்டிக்குள் நீண்டு நீரைத் தானே கொட்டிவிடும். காளைகள் பின்னோக்கி ஏறச் சால் மீண்டும் கிணற்றுள் இறங்கும்.

ஒரு கமலை இயங்கக் காளைகள், தச்சர் செய்த உருளை, கொல்லர் அடித்த இரும்புச் சால், திரித்த வடம், பதனிட்ட தோல் ஆகிய அனைத்தும் வேண்டும். ஊரின் பல தொழிற்பிரிவினரின் கைத்திறன் ஒரு தோட்டத்துப் பாத்தியில் வந்து சேர்ந்தது. இங்கு ஒரு முரண்பாட்டைச் சுட்டுவது இன்றியமையாதது. தோலைப் பதனிட்டுத் தைத்தவர்கள், தம் கைத்தொழிற்பொருள் நாள்தோறும் மூழ்கி எழும் அதே கிணற்றில் தாம் நீர் எடுக்கத் தடைசெய்யப்பட்டிருந்தனர். தீட்டு என்பது பொருளைச் சார்ந்ததாக இருந்திருப்பின் அத்தோலும் விலக்கப்பட்டிருக்க வேண்டும். விலக்கப்பட்டவர் மனிதரே.

4. திண்ணை: திறந்த இடமும் எல்லையும்

கிணறு வீட்டின் பின்புறம் மறைந்திருக்க, திண்ணை தெருவை நோக்கித் திறந்திருக்கிறது. வழிப்போக்கர் இளைப்பாறவும், ஊர்ப்பேச்சு நடக்கவும், கணக்கு எழுதவும் அது இடமளித்தது. திண்ணைப் பள்ளி என்னும் பெயரே அதன் பொதுப்பயனைக் காட்டும். கருங்கல் அடிமானமும், மண்ணோ செங்கல்லோ வைத்துக் கட்டிய மேடையும், சாணமோ சுண்ணாம்புச் சாந்தோ கொண்டு முடித்த மேற்பரப்பும், தூண்கள் தாங்கும் தாழ்வாரமும் அதன் உறுப்புகள். சாணம் மெழுகிய திண்ணையும் சாந்து பூசிய திண்ணையும் வீட்டாரின் நிலையை வெளிப்படையாக அறிவித்தன. கம்மாளர் பெற்ற உரிமையின் சமூகப் பொருள் இப்பின்னணியில் தெளிவாகும்.

திண்ணையின் விருந்தோம்பல் தமிழ்ப் பண்பாட்டின் அடையாளமாகப் போற்றப்படுகிறது. அது உண்மையே; ஆயினும் முழு உண்மை அன்று. யார் திண்ணையில் அமரலாம், யார் தெருவில் நிற்க வேண்டும் என்பதில் ஒவ்வொரு ஊருக்கும் எழுதப்படாத விதி இருந்தது. கதவில்லாத இடமாயினும் அது எல்லையில்லாத இடமன்று.

5. சட்டமும் கிணறும்

1882ஆம் ஆண்டின் இந்திய வசதியுரிமைச் சட்டம், வரையறுத்த தடத்தில் ஓடாத நிலத்தடி நீரை நிலவுடைமையாளர் தம் எல்லைக்குள் திரட்டிப் பயன்படுத்தலாம் என்பதை அவருடைய உரிமைகளுள் ஒன்றாக விளக்கியது. 1883ஆம் ஆண்டின் நில மேம்பாட்டுக் கடன் சட்டம் கிணறு வெட்டக் கடன் பெற வழிசெய்தது. இவ்விரண்டின் பயனும் நிலம் உடையோர்க்கே கிட்டியது. 1895இல் பெரியாற்று நீர் வைகைப் பகுதிக்குத் திருப்பப்பட்டு மேலூர் வட்டம் கால்வாய்ப் பாசனம் பெற்ற பின்னரும், கால்வாய் நீர் வராத மாதங்களில் தோட்டத்தைக் காத்தது கிணறே.

மறுபுறம், நீர் எடுக்கும் உரிமைக்கான போராட்டம் சட்டமன்றத்தை எட்டியது. 1924இல் இரட்டைமலை சீனிவாசன் சென்னைச் சட்டமன்றத்தில் கொண்டுவந்த தீர்மானம், பொதுச்சாலைகளிலும் பொதுக் கிணறுகளிலும் ஒடுக்கப்பட்டோர்க்கு உள்ள உரிமையை ஏற்கச் செய்தது. எம்.சி. ராஜாவின் முயற்சியால் 1938இல் சமூகத் தடைகளை நீக்கும் சட்டம் நிறைவேறியது. 1950இல் நடைமுறைக்கு வந்த அரசமைப்பின் 15(2) கூறு, கிணறு, குளம், குளிதுறை ஆகியவற்றைப் பெயர் சொல்லியே குறிப்பிட்டது. ஆனால் அக்கூறு, அரசு நிதியில் பேணப்படுவனவற்றையும் பொதுப்பயனுக்கு ஒப்படைக்கப்பட்டனவற்றையுமே உள்ளடக்கும். வீட்டுக் கிணறு அதன் வெளியே நின்றது. பொதுக்கிணறு திறக்கப்பட்டபோது, வசதியுடையோர்க்குத் தம் சொந்தக் கிணற்றுக்குள் ஒதுங்கிக்கொள்ளும் வாய்ப்பு இருந்தது.

மின்விசை இறைப்பியின் வருகை கமலையை அகற்றியது. ஆழ்துளைக் கிணறு திறந்த கிணற்றையே அகற்றிவருகிறது. திறந்த கிணற்றின் நீர்மட்டம் கண்ணுக்குத் தெரிந்தது. ஒருவர் மிகுதியாக இறைத்தால் அண்டை வீட்டார் தம் கிணற்றில் அதனைக் கண்டனர். ஆழ்துளைக் கிணற்றில் அக்கண்காணிப்பு இல்லை. பாறையின் வெடிப்புகளில் நிற்கும் பொது நீரை, ஆழமாகத் துளையிடப் பணம் உள்ளவர் முதலில் எடுக்கிறார். 2003இல் இயற்றப்பட்ட தமிழ்நாடு நிலத்தடி நீர்ச் சட்டம் நடைமுறைக்குக் கொண்டுவரப்படாமலேயே 2013இல் நீக்கப்பட்டது. இதனால் 1882ஆம் ஆண்டின் தனியுடைமைக் கருத்தே வலுவோடு நிற்கிறது.

முடிவுரை

மேற்கண்ட சான்றுகளிலிருந்து மூன்று முடிவுகளைப் பெறலாம். முதலாவதாக, கிணறு, தோட்டம், கட்டடம் ஆகியன இடைக்கால ஆவணங்களில் ஒரே உரிமைத் தொகுதியாக வழங்கப்பட்டன. இரண்டாவதாக, அவ்வுரிமை நிலவுடைமையாக மாறியபோது அதன் அனுமதித் தன்மை மறைந்ததேயன்றி, அது விலக்கிவைத்தவர்களின் நிலை மாறவில்லை. மூன்றாவதாக, இருபதாம் நூற்றாண்டுச் சட்டங்கள் பொதுக் கிணற்றைத் திறந்தனவே தவிர, அதற்கு ஊற்றாக உள்ள நிலத்தடி நீரைப் பொதுவாக்கவில்லை.

திருவாதவூர் போன்ற ஊர்களில் தூர்ந்துவரும் வீட்டுக் கிணறுகளையும் இடிக்கப்படும் திண்ணைகளையும் அளந்து ஆவணப்படுத்துவது உடனடிப் பணியாகும். அவற்றை இழந்த பொற்காலத்தின் எச்சங்களாகக் கருதி ஏங்குவது வரலாறாகாது. ஒவ்வொரு கிணற்றையும் பதியும்போது அதன் ஆழத்தோடும் விட்டத்தோடும், அதனை வெட்டியவர் யார், அதில் நீர் இறைத்தவர் யார், இறைக்கக்கூடாது என விலக்கப்பட்டவர் யார் என்பனவும் பதிவுபெற வேண்டும். ஓவாமலைக் கல்வெட்டு உறைவிடத்தைச் செய்வித்தவரின் பெயரைக் காத்துள்ளது. பாறையைக் குடைந்தவரின் பெயர் அதில் இல்லை. வீட்டுக் கிணற்றின் வரலாற்றை எழுதும் நாமும் அதே இடைவெளியை விட்டுச்செல்லலாகாது.