மார்பு பாரமும் ஒரு தையல்காரர் கணக்கும்

பதிவு கொஞ்சம் நீளம். ஆண்களும் படிக்கலாம், படிக்க வேண்டும்.

போன வாரம் கிள்ளைப் பக்கமிருந்து என் பழைய மாணவி ஒருத்தி வந்தாள். இரண்டு பிள்ளைகளுக்குத் தாய். இறால் உரிக்கும் வேலை. குனிந்து உட்கார்ந்தால் கழுத்தும் முதுகும் பிடித்துக்கொள்கிறதாம். ரவிக்கையை விலக்கித் தோளைக் காட்டினாள். உள்ளாடைப் பட்டை பதிந்து இரண்டு பக்கமும் பள்ளம். மார்புக்குக் கீழே வேர்வையில் புண். "ஆபரேஷன் இருக்காமே டீச்சர்? மாமியார் கேட்டா அதெல்லாம் சினிமாக்காரிங்களுக்குங்கறாங்க" என்றாள்.

எட்டாம் வகுப்பில் இவள் ஓட்டப் பந்தயத்துக்கு வர மாட்டேன் என்று அழுதாள். சோம்பேறி என்று திட்டியவள் நான்தான். அந்த உறுத்தலில்தான் இந்த வரலாற்றைத் தேடிப் படித்தேன்.

ஒட்டுறுப்பு அறுவைக்கு நம் நாடுதான் தாய்வீடு. அறுந்த மூக்கைச் சரிசெய்யும் முறை சுஸ்ருத சம்ஹிதையில் இருக்கிறது. புனேயில் செய்த மூக்கு அறுவை 1794இல் லண்டன் பத்திரிகையில் படத்தோடு வந்தது. மார்பைக் குறைக்கும் அறுவையைப் பற்றி 7ஆம் நூற்றாண்டிலேயே எழுதியவர் பால் என்ற கிரேக்க மருத்துவர். வேடிக்கை என்னவென்றால், அவர் எழுதியது ஆண்களுக்கு! ஆணின் மார்பு பருத்தால் அவமானம், உடனே வைத்தியம். பெண்ணின் பாரத்துக்கு வைத்தியம் உருப்படியாக வர இன்னும் ஆயிரம் ஆண்டுக்கு மேல் ஆனது.

பெரிய சிக்கல் ரத்த ஓட்டம். சதையைக் குறைத்தால் காம்புக்கு ரத்தம் போகாமல் கருகிவிடும். 1930இல் ஷ்வார்ட்ஸ்மன் என்பவர் காம்பைச் சுற்றியுள்ள உள்தோலை அப்படியே விட்டுவைத்தால் ரத்த ஓட்டம் கெடாது என்று காட்டினார். 1956இல் அமெரிக்க மருத்துவர் ராபர்ட் வைஸ் எங்கே எவ்வளவு வெட்டுவது என்று அளவு வரைபடம் தந்தார். அதற்கு அவர் பார்த்தது உள்ளாடை தைப்பவர்களின் வெட்டுக் கணக்கை! ரவிக்கைக்கு டாட் பிடிக்கத் தெரிந்த எவருக்கும் இது புரியும். இன்றும் அந்த வரைபடம் புழக்கத்தில் இருக்கிறது.

நம் மாநிலத்துக்கு வருவோம். 2018 பிப்ரவரியில் சென்னை அரசு ஸ்டான்லி மருத்துவமனையில் மார்பகச் சீரமைப்பு அறுவையை இலவசமாகத் தொடங்கினார்கள். அப்போது அமைச்சர் விஜயபாஸ்கர். ஏழைக்கு ஏன் கிடைக்கக்கூடாது என்பது அவர் கேள்வி. அரசுப் பணத்தில் அழகு சிகிச்சையா என்று கேலியும் வந்தது. பத்திரிகைகள் பெரிதாக்கும் அறுவையையே பெரிதாகப் போட்டன. தோள்வலி, முதுகுவலிக்காகக் குறைக்க வருபவர்கள் செய்தியின் கடைசி வரிக்குப் போனார்கள். எனக்கு அந்தக் கடைசி வரிதான் முக்கியம்.

அவளுக்கு நான் சொன்னதை இங்கேயும் எழுதுகிறேன். முழு மயக்கம் கொடுத்துச் செய்வது. இரண்டிலிருந்து நான்கு மணி நேரம் ஆகலாம். வயதைப் பொறுத்து முன்பே மேமோகிராம் எடுப்பார்கள். எடுத்த சதையைப் பரிசோதனைக்கும் அனுப்புவார்கள். தழும்பு காம்பைச் சுற்றி, அங்கிருந்து கீழே, பிறகு மடிப்பில் குறுக்கே. நம் படகு நங்கூரம் மாதிரி இருக்கும். ஓராண்டில் மங்கும், முழுக்க மறையாது. காம்பில் உணர்ச்சி குறையலாம். தாய்ப்பால் குறையலாம், இன்னொரு பிள்ளை எண்ணம் இருந்தால் முதலிலேயே டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும். சர்க்கரை, புகை இருந்தால் புண் ஆற நாளாகும். நான்கிலிருந்து ஆறு வாரம் குடம் தூக்கக் கூடாது, இறால் கூடையும்தான்.

கடைசியாகச் சொன்னதற்குத்தான் அவள் முகம் மாறியது. "ஆறு வாரம் கூலி?" என்றாள். அதற்கு எந்தப் புத்தகத்திலும் எனக்குப் பதில் கிடைக்கவில்லை. மாமியாரிடம் நானே போய்ப் பேசினேன். தோள் பள்ளத்தைத் தொட்டுப் பார்க்கச் சொன்னேன். அந்த அம்மாள் ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு, "எனக்கும் இப்படித்தான் இருந்துச்சு, யார்கிட்ட சொல்றது" என்றார். பிள்ளைகளை அவர் பார்த்துக்கொள்கிறாராம்.

திங்கள்கிழமை சோழன் எக்ஸ்பிரஸில் இரண்டு டிக்கெட் போட்டிருக்கிறேன். முதலில் டாக்டரைப் பார்த்துக் கேட்டுவிட்டு வருகிறோம்.