காலநிலை நீதி என்றால் என்ன? பள்ளிக் குழந்தைகள் ஏன் அரசுகள் மீது வழக்குப் போடுகிறார்கள்?

மே மாதக் கடைசி வந்தால் தமிழ்நாட்டு மாணவர்கள் டிவி முன்னால் காத்திருக்கும் பிரேக்கிங் நியூஸ் ஒன்று உண்டு: 'வெயில் காரணமாக பள்ளி திறப்பு தள்ளிவைப்பு'. 2023ல் ஜூன் 1 என்று சொன்ன தேதி முதலில் 7க்குப் போனது. பிறகு 6 முதல் 12ஆம் வகுப்பு வரை ஜூன் 12, சின்ன வகுப்புகளுக்கு ஜூன் 14 என்று மாறியது. 2024லும் ஜூன் 6ல் இருந்து 10க்குத் தள்ளிப்போனது. பசங்களுக்குக் கொண்டாட்டம்தான். ஆனால் இது வெறும் லீவு விஷயம் இல்லை.

2024ஆம் ஆண்டில் மட்டும் வெப்ப அலை, புயல், வெள்ளம், வறட்சி போன்றவற்றால் 85 நாடுகளில் சுமார் 24 கோடி மாணவர்களின் படிப்பு தடைப்பட்டது என்கிறது யுனிசெஃப். அதில் இந்தியாவின் பங்கு ஏறக்குறைய ஐந்தரைக் கோடி. பெரும்பாலும் வெயில்தான் காரணம்.

யாருக்கு எவ்வளவு இழப்பு?

பள்ளி ஒரு நாள் மூடினால் எல்லாக் குழந்தைக்கும் ஒரே இழப்பு இல்லை. ஏசி இருக்கிற வீட்டுப் பிள்ளை ஆன்லைனில் பாடம் கேட்கும். அரசுப் பள்ளியில் படிக்கிற பிள்ளைக்குப் பாடத்தோடு சேர்த்து காலை உணவும் மதிய உணவும் போகும். அன்றைக்குப் பகல் முழுக்க தகரக் கூரைக்குக் கீழே இருக்க வேண்டும். பள்ளி திறந்திருந்தாலும் ஃபேன் ஓடாத வகுப்பறையில் 50 பேரோடு உட்காருவது வேறு, மரநிழல் உள்ள வளாகத்தில் படிப்பது வேறு.

இந்த வித்தியாசத்தைப் பற்றிப் பேசுவதுதான் காலநிலை நீதி. புவி வெப்பமடைய யார் காரணம், அடி வாங்குவது யார், செலவு யார் தலையில் என்ற மூன்று கேள்விகளையும் சேர்த்தே கேட்க வேண்டும் என்கிறது அது.

யுனிசெஃப் 2021ல் குழந்தைகளுக்கான காலநிலை ஆபத்துக் குறியீடு ஒன்றை வெளியிட்டது. அதீத ஆபத்தில் இருக்கும் 33 நாடுகளில் சுமார் 100 கோடி குழந்தைகள் வாழ்கிறார்கள். ஆனால் உலகம் வெளியிடும் கார்பன் டை ஆக்சைடில் இந்த 33 நாடுகளின் மொத்தப் பங்கு 9 சதவீதம்தான்.

இதில் இந்தியாவின் நிலை கொஞ்சம் விசித்திரம். ஆபத்துப் பட்டியலிலும் இந்தியா இருக்கிறது, அதிகம் புகை வெளியிடும் முதல் 10 நாடுகளிலும் இருக்கிறது. இரண்டிலும் சேர்ந்து வருவது நாம் மட்டும்தான். தலைக்கு எவ்வளவு என்று வகுத்துப் பார்த்தால் படம் மாறிவிடும். அமெரிக்கர் ஒருவருக்கு ஆண்டுக்கு சுமார் 14 டன், இந்தியர் ஒருவருக்கு சுமார் 2 டன். அந்த 2 டன்னும் சராசரிதான். மூன்று கார் வைத்திருப்பவரையும் பஸ்ஸுக்குக் காத்திருப்பவரையும் கூட்டி வகுத்து வந்த கணக்கு அது.

9 வயதுச் சிறுமி போட்ட மனு

ஹரித்வாரைச் சேர்ந்த ரிதிமா பாண்டே 2017ல் தேசிய பசுமைத் தீர்ப்பாயத்துக்குப் போனபோது அவருக்கு வயது 9. 2013ல் கேதார்நாத் பகுதியை உருக்குலைத்த வெள்ளத்தைப் பார்த்த உத்தராகண்ட் குழந்தை. கார்பன் வெளியீட்டுக்கு நாடு தழுவிய ஒரு வரம்பு வேண்டும், திட்டங்களுக்கு அனுமதி தரும்போது காலநிலையையும் கணக்கில் எடுக்க வேண்டும் என்பதெல்லாம் அவருடைய கோரிக்கைகள்.

2019 ஜனவரியில் தீர்ப்பாயம் மனுவை முடித்துவைத்தது. சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டிலேயே காலநிலை விஷயமும் அடங்கும், தனி உத்தரவு தேவையில்லை என்பது அது சொன்ன காரணம். ஆண்டுக்கணக்கில் காத்திருந்த மனுவுக்கு இரண்டே பக்கத்தில் பதில் சொன்ன மாதிரிதான் இருந்தது.

ரிதிமா அதோடு நிற்கவில்லை. அதே ஆண்டு செப்டம்பரில் கிரெட்டா துன்பெர்க் உள்ளிட்ட 16 பிள்ளைகள் ஐநா குழந்தை உரிமைக் குழுவில் புகார் கொடுத்தார்கள். ரிதிமாவும் அதில் ஒருவர். புகார் அர்ஜென்டினா, பிரேசில், பிரான்ஸ், ஜெர்மனி, துருக்கி ஆகிய 5 நாடுகள் மீது.

இந்தியச் சிறுமியின் புகாரில் இந்தியா ஏன் இல்லை? இந்தியா 1992ல் குழந்தை உரிமை ஒப்பந்தத்தை ஏற்றுக்கொண்டது. ஆனால், குழந்தைகள் நேரடியாக ஐநா குழுவிடம் புகார் கொடுக்க வழிசெய்யும் கூடுதல் உடன்படிக்கையில் சேரவில்லை. உரிமை இருக்கிறது, அங்கே போய் முறையிட வழி இல்லை.

2021 அக்டோபரில் குழு அந்தப் புகாரை ஏற்க முடியாது என்றது. முதலில் அந்தந்த நாட்டு நீதிமன்றங்களுக்குப் போயிருக்க வேண்டும் என்பது காரணம். அதே முடிவில் ஒரு முக்கியமான விஷயமும் இருந்தது: ஒரு நாட்டின் புகையால் இன்னொரு நாட்டுக் குழந்தை பாதிக்கப்பட்டால், அந்த நாடு பொறுப்பாக முடியும் என்பதைக் குழு ஒப்புக்கொண்டது. 2023 ஆகஸ்டில் குழு வெளியிட்ட 26ஆவது பொதுக் கருத்துரை, சுத்தமான சூழலும் அதைப் பற்றிய கல்வியும் குழந்தைகளின் உரிமை என்று விரிவாக எழுதியது. அதற்காக 121 நாடுகளில் இருந்து 16,331 கருத்துகள் குழந்தைகளிடமிருந்து வந்திருந்தன.

நம் பாடப்புத்தகத்தில் என்ன இருக்கிறது?

சட்டப்படி பார்த்தால் இந்தியா முன்னோடி. எம்.சி.மேத்தா வழக்கில் 1991 நவம்பரிலேயே, பள்ளி, கல்லூரிகளில் சுற்றுச்சூழலைக் கட்டாயப் பாடமாக்க நடவடிக்கை எடுக்கச் சொன்னது உச்ச நீதிமன்றம். தியேட்டர்களில் படத்துக்கு முன்னால் சுற்றுச்சூழல் ஸ்லைடு போட வேண்டும், டிவியிலும் ரேடியோவிலும் தினம் சில நிமிடம் ஒதுக்க வேண்டும் என்றும் சொன்னது. அந்தக் கடைசி வரி எங்களை மாதிரி சேனல்களுக்கும் சேர்த்துத்தான்! 2003ல் என்சிஇஆர்டி-யை மாதிரிப் பாடத்திட்டம் தயாரிக்கவும் பணித்தது.

நடைமுறை வேறு மாதிரி. பாடம் இருக்கிறது, பெரும்பாலும் 'ஓசோன் படலம் குறிப்பு வரைக' அளவில். 2022ல் பாடச்சுமை குறைப்பு என்று என்சிஇஆர்டி சில பகுதிகளை வெட்டியபோது 11ஆம் வகுப்பு புவியியலில் பசுமை இல்ல விளைவு பற்றிய பகுதியும் போனதாக ஆசிரியர்கள் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். இருக்கிற பாடங்களும் மரம் நடு, பிளாஸ்டிக் தவிர் என்று மாணவரின் பழக்கத்தோடு முடிந்துவிடுகின்றன. எண்ணூரில் சாம்பல் கழிவுக்குப் பக்கத்தில் வளரும் குழந்தையிடம் 'குழாயை மூடு' என்று மட்டும் சொல்லிவிட்டு நகர்வது பாதிப் பாடம்தான்.

இது நம் ஊர் கதை மட்டும் இல்லை. 2021ல் யுனெஸ்கோ 100 நாடுகளின் பாடத்திட்டங்களைப் பார்த்தபோது 47 சதவீதத்தில் காலநிலை மாற்றம் என்ற பேச்சே இல்லை. இத்தாலி ஆண்டுக்கு 33 மணி நேரம் இதற்கென ஒதுக்குவதாக 2019ல் அறிவித்தது. அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாகாணம் 2022ல் தனிப் பாடமாக வைக்காமல் பல பாடங்களுக்குள்ளும் கலந்துவிட்டது. இந்தக் கலப்பு முறைதான் நமக்கும் பொருந்தும் என்று தோன்றுகிறது. ஏன்னா இன்னொரு தேர்வு, இன்னொரு நோட்டு என்றால் பிள்ளைகளே வெறுத்துவிடுவார்கள்.

இப்போது வழக்குகள் எங்கே நிற்கின்றன?

2024 மார்ச்சில் கானமயில் பறவை தொடர்பான வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றம், காலநிலை மாற்றத்தின் பாதிப்பில் இருந்து காக்கப்படுவது அரசியலமைப்பின் 14, 21ஆவது பிரிவுகளின் கீழ் வரும் உரிமை என்றது. அமெரிக்காவின் மொன்டானாவில் 16 இளம் மனுதாரர்கள் 2023ல் ஜெயித்தார்கள், மாகாண உச்ச நீதிமன்றமும் 2024 டிசம்பரில் அதை உறுதி செய்தது. பசிபிக் தீவுகளில் 2019ல் 27 சட்ட மாணவர்கள் தொடங்கிய கோரிக்கை வனுவாட்டு அரசு வழியாக ஐநா பொதுச்சபைக்கும், அங்கிருந்து ஹேக் நகரின் சர்வதேச நீதிமன்றத்துக்கும் போனது. 2025 ஜூலை 23 அன்று, காலநிலையைக் காப்பது நாடுகளின் சட்டக் கடமை, மீறினால் இழப்பீடு தரவும் நேரிடலாம் என்று நீதிமன்றம் ஆலோசனைக் கருத்து சொன்னது. அது யாரையும் நேரடியாகக் கட்டுப்படுத்தாது. ஆனாலும் இனி எந்த நாட்டு நீதிமன்றத்திலும் வக்கீல்கள் அதை எடுத்துக்காட்டி வாதாடலாம்.