ஹார்பர் வேலையும் குரூப் ஃபோரும்

பழைய வண்ணாரப்பேட்டையில் கல்லூரியின் பேரிலேயே ஒரு மெட்ரோ ஸ்டேஷன் இருக்கிறது: சர் தியாகராயா கல்லூரி. 2021 பிப்ரவரியில் விம்கோ நகர் வரைக்கும் ரயில் நீண்டபோது வந்தது. அந்தக் கல்லூரி வளாகத்தில் அரசாங்கம் நடத்தும் இலவசப் போட்டித் தேர்வுப் பயிற்சி மையத்துக்கு எங்கள் திருவொற்றியூர்ப் பக்கத்துப் பிள்ளைகள் போய்வருகிறார்கள். வருவாய்த் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் என்பதால் அவர்களில் சிலர் என்னிடம் சந்தேகம் கேட்க வருவதுண்டு. தியாகராயர் யாரென்று கேட்டால், "நீதிக் கட்சி, 1916, வெள்ளுடை வேந்தர்" என்று ஒன்றரை மார்க்குக்கு வேண்டியதை மட்டும் சொல்வார்கள். சர்க்கார் ஆபீஸ் வேலைக்கான குரூப் ஃபோர் தேர்வில் ஒரு கேள்விக்கு ஒன்றரை மார்க்.

1916 டிசம்பரில் அவர் வெளியிட்ட பிராமணரல்லாதார் அறிக்கையில் பரீட்சைக் கணக்கும் உண்டு. 1892 முதல் 1904 வரை நடந்த மாகாண சிவில் சர்வீஸ் போட்டித் தேர்வில் தேறிய 16 பேரில் 15 பேர் பிராமணர்கள். டெப்டி கலெக்டர்கள் 140 பேரில் 77 பேர். ஜில்லா முன்சீப்புகள் 128 பேரில் 93 பேர். நெசவு வியாபாரம் செய்த குடும்பத்தவர், பேரேடு பார்க்கத் தெரிந்தவர். புலம்பலை விட்டுவிட்டு எண்களை அடுக்கினார். எல்லாருக்கும் ஒரே வினாத்தாள், ஒரே கடிகாரம், இதைவிட நியாயம் வேறென்ன என்று கேட்டவர்களுக்கு அந்த எண்கள்தான் பதில். தலைமுறை தலைமுறையாக யார் வீட்டில் உட்கார்ந்து படிக்க முடிந்ததோ அவர்களே ரிசல்ட்டில் இருந்தார்கள். எனக்கு இதில் இன்றுவரை சந்தேகம் வந்ததில்லை.

உத்தியோகப் பரீட்சை இந்த ஊருக்குப் புதிதும் அல்ல. 1812இல் எல்லிஸ் துரை முன்னின்று தொடங்கிய சென்னைக் கல்விச் சங்கத்தில், கும்பினி வேலைக்கு வந்த வெள்ளைக்காரப் பையன்கள் தமிழும் தெலுங்கும் படித்துத் தேற வேண்டியிருந்தது. இன்று எங்கள் பிள்ளைகள் இலக்கணக் குறிப்பை உருப்போடுவதைப் பார்க்கும்போது அந்தத் துரைமார்களை நினைத்துக்கொள்வேன். 1855இல் லண்டனில் எவரும் எழுதலாம் என்று போட்டித் தேர்வு வந்தது. எவரும்தான்; ஆனால் சென்னைப் பையன் எழுத வேண்டுமானால் மசூலாப் படகில் அலை தாண்டிப் போய்க் கப்பலேற வேண்டும். இங்கே துறைமுகம் கட்டும் வேலையே 1876இல்தான் தொடங்கியது. வயது வரம்பையும் 1870களில் 19ஆகக் குறைத்து வைத்தார்கள். 1922இல் இந்தியாவிலும் எழுதலாம் என்றானபோது மையம் அலகாபாத்.

நீதிக் கட்சி ஆட்சியில் 1921இல் முதல் வகுப்புவாரி ஆணை. 1927இல் முத்தையா முதலியார் முயற்சியில் பன்னிரண்டு இடங்களைப் பங்கிட்டார்கள்: பிராமணரல்லாத இந்துக்களுக்கு 5, பிராமணருக்கு 2, முஸ்லிம்களுக்கு 2, கிறிஸ்தவருக்கும் ஆங்கிலோ இந்தியருக்கும் சேர்த்து 2, ஒடுக்கப்பட்டோருக்கு 1. இரண்டு வருஷம் கழித்து, 1929இல், மாகாணங்களிலேயே முதலாவதாக மதராஸ் சர்வீஸ் கமிஷன் அமைந்தது. 1970இல் அதுதான் டி.என்.பி.எஸ்.சி. என்று பேர் மாறியது. இப்போது பிராட்வே பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில், தன் பேரிலேயே ஒரு சாலையோடு இருக்கிறது.

இத்தனை நடந்தும், ராயபுரத்தில் எங்கள் தெருவில் யாரும் சர்க்கார் பரீட்சைக்குப் படித்ததாகப் பெரியவர்கள் சொல்லி நான் கேட்டதில்லை. அவசியப்படவில்லை. 1856இல் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் கிளம்பிய ஸ்டேஷன் பக்கத்தில், ஹார்பர் எதிரில், பெரம்பூரில் லோகோவும் பின்னி மில்லும். சுதந்திரத்தை ஒட்டி எண்ணூரில் அசோக் லேலண்ட், 1955இல் திருவொற்றியூரில் என்ஃபீல்ட், அறுபதுகளில் மணலி ரிஃபைனரி, 1970இல் எண்ணூர் அனல் மின் நிலையம். ஒருத்தர் கேட்டுக்குள்ளே போய்விட்டால் தம்பி, மச்சான், மகன் என்று பின்னாலேயே ஆள் போகும். "அப்பா எந்தக் கம்பெனி?" என்று கேட்டுத்தான் பெண்ணே கொடுப்பார்கள்.

என் அப்பா ஹார்பரில் மூட்டை தூக்கியவர். அவருக்குப் பின்னால் அண்ணன் போவான் என்பது அவன் பள்ளிக்கூடத்தில் இருக்கும்போதே முடிவான விஷயம். பெண்பிள்ளைக்கு அங்கே வழியில்லை. "நீ டைப்பு கத்துக்கம்மா. சர்க்கார் ஆபீஸ்ல ஃபேனுக்குக் கீழ உக்காந்து வேலை பாக்கலாம்" என்றார். வடசென்னையில் பரீட்சைக்குப் படிக்கும் பழக்கம் பெண்பிள்ளைகள் மூலமாகத்தான் வீட்டுக்குள் வந்தது என்பது என் கட்சி. புத்தகத்தில் ஆதாரம் கேட்காதீர்கள். எண்பதுகளில் எங்கள் பேட்டை டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டுகளின் வருகைப் பதிவேடு கிடைத்தால் காட்டுவேன்.

நான் படித்தது காலடிப்பேட்டையில், மளிகைக் கடைக்கு மாடியில் ஒரு நீளமான ஹால். சுவரோரமாக ரெமிங்டன், ஹால்டா, ஃபேசிட் என்று கலந்துகட்டி மிஷின்கள். புதிதாகச் சேர்ந்தவளுக்கு எழுத்து தேய்ந்த மிஷின்தான். லோயர் பரீட்சை எழுதப்போகிறவளுக்கு நல்ல மிஷின். ஒரு மணி நேரம் ஒரு பேட்ச். முதல் வாரம் முழுக்க ஏ எஸ் டி எஃப் ஜி எஃப். விரலைப் பார்த்து அடித்தால் மாஸ்டர் ஸ்கேலால் மேஜையில் ஒரு தட்டு. வரி முடியப் போகிறதென்று மணி அடித்ததும் லீவரைத் தள்ளினால் இருபது மிஷினும் சேர்ந்து தடதடக்கும். கீழே மளிகைக் கடைக்காரர் எப்படித்தான் சில்லறை எண்ணினாரோ. லோயருக்கு நிமிஷத்துக்கு 30 வார்த்தை, ஹையருக்கு 45. தமிழ் மிஷினில் "கொ" என்று ஒரே எழுத்து அடிக்கக் கொம்பு, க, கால் என்று மூன்று தட்டு. யாழ்ப்பாணத்து முத்தையா அமைத்த விசைப்பலகை அது. 1956இல் தமிழ் ஆட்சிமொழிச் சட்டம் வந்தபிறகு தமிழ் ஹையர் முடித்தவளுக்குத் தாலுகா ஆபீஸ்களில் தனி மரியாதை.

ஆனால் அந்த மாடி எங்களுக்கு டைப் கற்றுத் தந்த இடம் மட்டும் அல்ல. எங்கள் வீடு ஒரே அறை. அண்ணன் கிளை நூலகத்துக்குப் போவான், இல்லையென்றால் கடற்கரைப் பாறையில் உட்கார்ந்து படிப்பான். பொழுது சாய்ந்தபிறகு நான் உட்கார்ந்தால் யாரும் ஒன்றும் சொல்லாத இடம் இன்ஸ்டிட்யூட்தான். பேட்ச் முடிந்தாலும் மாஸ்டர் மூலை பெஞ்சில் இருக்க விடுவார். அங்கே தினமணி இருக்கும், குரூப் ஃபோர் கைடு ஒன்று அட்டை கிழிந்து கைமாறிக்கொண்டிருக்கும். எந்த விண்ணப்பத்துக்குக் கடைசித் தேதி எப்போது, எம்ப்ளாய்மென்ட் கார்டை யார் ரினீவல் செய்யாமல் விட்டாள், எல்லாம் அந்த பெஞ்சில்தான் தெரியும்.

எனக்கு முதலில் கிடைத்தது 10ஏ1. எம்ப்ளாய்மென்ட் ஆபீஸ் மூலமாக வரும் தற்காலிக வேலைக்கு விதி எண்ணே பேராகிவிட்டது, கல்யாணப் பேச்சில்கூட "பொண்ணு பர்மனென்ட்டா, 10ஏ1ஆ?" என்பார்கள். பிறகு குரூப் ஃபோர் எழுதி நிரந்தரமானேன். 1989இல் மிகப் பிற்படுத்தப்பட்டோருக்கு 20 சதவீதமும் பெண்களுக்கு 30 சதவீதமும் வந்தன. மீனவர்கள் மிகப் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இருப்பதால் காசிமேட்டு வீடுகளிலும் கைடு புத்தகம் தென்பட ஆரம்பித்தது. அந்த வேகத்தில் 2001 நவம்பரில் புதிய நியமனங்களுக்குத் தடை விழுந்தது, 2006இல்தான் நீங்கியது. நடுவில் எத்தனையோ பேர் மெடிக்கல் ஷாப்புக்கும் செக்யூரிட்டி வேலைக்கும் போய், பிறகு புத்தகத்தைத் தொடவே இல்லை.

கேட்டுகள் மூடியது மெதுவாக நடந்த காரியம். பின்னி மில் முன்பே போயிற்று. கன்டெய்னர் வந்ததும் ஹார்பரில் மூட்டைக்கு ஆள் வேண்டாம் என்றானது. மிச்சமிருந்த கம்பெனிகளில் கான்ட்ராக்ட் ஆள். எண்ணூர் அனல் மின் நிலையத்தை 2017இல் மூடினார்கள். அடுத்த வருஷம் பிப்ரவரியில் வி.ஏ.ஓ. தேர்வையும் சேர்த்து நடத்திய குரூப் ஃபோருக்கு விண்ணப்பித்தவர்கள் 20 லட்சத்துக்கும் மேல். இடங்கள் பத்தாயிரத்துக்கும் குறைவு. கேட்டில் அப்பா பேரைச் சொன்ன வீட்டுப் பையன்கள் எல்லாம் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள். 2019 தேர்வில் ராமேஸ்வரம், கீழக்கரை மையங்களில் அழியும் மையை வைத்து விடைத்தாளில் விளையாடிய கதை வெளியே வந்து 99 பேருக்கு வாழ்நாள் தடை விதித்தபோது, அதிகம் கொதித்தவர்களும் இவர்கள்தான்.

இப்போது கைடு பெரிதாக வேண்டியதில்லை. ஆறாம் வகுப்பிலிருந்து பத்து வரைக்கும் பள்ளிப் பாடப்புத்தகம்தான் அடிப்படை. மூர்மார்க்கெட் பழைய புத்தகக் கடைகளில் கட்டாகவே கிடைக்கும். 200 கேள்வியில் 100 தமிழ். 2021 டிசம்பர் ஆணைக்குப் பிறகு தமிழில் 40 சதவீதம் எடுக்காவிட்டால் மற்றதைத் திருத்தவே மாட்டார்கள். தமிழ்வழியில் படித்தவர்களுக்கு 20 சதவீதம் என்ற 2010ஆம் ஆண்டுச் சட்டமும் சேர, மாநகராட்சிப் பள்ளிப் பிள்ளைக்கு இது ஓரளவு கைக்கெட்டும் பரீட்சை.

இடப் பிரச்சினை மட்டும் அப்படியே இருந்தது. கோட்டூர்புரம் அண்ணா நூலகம் ஊரின் மறுகோடி. அண்ணாநகர்க் கோச்சிங் சென்டர்களின் கட்டணம் ஒரு மீன்பிடிக் குடும்பத்துக்கு ஆகாது. 2024 நவம்பரில் கொளத்தூரில் முதல்வர் படைப்பகம் திறந்து, அதே மாதிரி வடசென்னையின் மற்ற இடங்களுக்கும் வரும் என்றார்கள். ஏ.சி., இன்டர்நெட், தனித்தனி மேஜை. நல்ல காரியம், குறை சொல்ல மாட்டேன். ஆனாலும் இருட்டியபிறகு பெண்பிள்ளையை அனுப்பப் பக்கத்துத் தெரு என்றால் ஒரு மாதிரி, பஸ் ஏறிப் போவது என்றால் வேறு மாதிரி.

அதனால் என்னிடம் வருகிற பெண்களுக்கு நான் பழைய யோசனையைத்தான் சொல்கிறேன். காலடிப்பேட்டையில் இன்னும் ஓரிரண்டு இன்ஸ்டிட்யூட்டுகள் ஓடுகின்றன. கோத்ரெஜ் கம்பெனி மிஷின் செய்வதை நிறுத்திப் பத்து வருஷத்துக்கு மேலாகிறது. உதிரிபாகத்தை ஒரு மிஷினிலிருந்து கழற்றித்தான் இன்னொன்றுக்குப் போடுகிறார்கள். "ஆபீஸ்ல எல்லாம் கம்ப்யூட்டர்தானே ஆன்ட்டி, இது எதுக்கு?" என்பார்கள். ஜூனியர் அசிஸ்டென்ட்டுக்கு நிற்கிற கட்-ஆஃபைவிட டைப்பிஸ்ட்டுக்குக் கீழே இறங்கும், தமிழும் இங்கிலீஷும் ஹையர் முடித்துவைத்தால் வரிசையில் முன்னால் போகலாம், இந்த மாசமே சேர்ந்துவிடு என்பேன்.