பன்மையைக் கையளிப்பது யார்?

1970இல் ஐ.பி.எம். நிறுவனத்தின் சான் ஹோசே ஆய்வகத்தைச் சேர்ந்த எட்கர் காட், தரவுகளைக் கணிதக் கணங்களாகக் கருதும் உறவுநிலை மாதிரியை வெளியிட்டார். அதனை அடியொற்றி 1974இல் டொனால்டு சேம்பர்லினும் ரேமண்ட் பாய்ஸும் முன்வைத்த சீக்குவெல், பின்னர் எஸ்கியூஎல் ஆயிற்று. ஒரு துறையின் ஊழியர் யாவர் என வினவினால் விடை ஒரே தொகுதியாக வரும். ஒருவராயினும் ஆயிரவராயினும் வினாவின் வடிவம் மாறாது. இம்மொழி இயல்பிலேயே பன்மையில் பேசுவது. அதனைத் தன்னுள் பொதிந்து இயக்கவேண்டிய கோபாலோ ஒருமையில் பேசியது: ஒரு பதிவு, பிறகு அடுத்த பதிவு.

இவ்விரண்டிற்கும் நடுவே ஐ.பி.எம்.மின் சிஸ்டம் ஆர் திட்டம் நிறுத்திய மொழிபெயர்ப்பாளனே கர்சர். திற, ஒன்றை எடு, மீண்டும் எடு, மூடு. 'ஓடுபவன்' என்னும் பொருளுடைய இலத்தீன் சொல் அது; பெயர்ப்பொருத்தம் குறை சொல்ல இயலாதது.

நிரல், தரவுத்தளத்திற்கு வெளியே இருந்தவரை இவ்வேற்பாடு போதுமானதாக இருந்தது. வலையமைப்பு வழியே பல கட்டளைகள் சென்று திரும்பும் காலவிரயத்தைக் குறைக்க, செயல்முறைகளைத் தரவுத்தளத்திற்குள்ளேயே சேமிக்கும் வழக்கம் 1980களின் பிற்பகுதியில் பரவியபோதுதான் புதிய சிக்கல் எழுந்தது. உள்ளே பிறந்த பதிவுத் தொகுதியை வெளியே உள்ள செயலியிடம் யார், எவ்வடிவில் கையளிப்பது?

1987இல் வந்த சைபேஸ் எஸ்கியூஎல் சர்வரின் விடை எளிது. செயல்முறைக்குள் எழுதிய செலக்ட் கட்டளையின் விளைவு நேரே அழைத்தவரிடம் பாயும். ஆனால் எத்தனை தொகுதிகள் வரும், எந்தெந்தப் பத்திகள் இருக்கும் என்பதைச் செயல்முறையின் முகப்பு சொல்லாது. உள்ளே ஒருவர் ஒரு பத்தியை நீக்கினால், வெளியே உள்ள நிரல் இயங்கும் வேளையில்தான் இடறி விழும்.

1992இல் ஆரக்கிள் 7 எதிர்த்திசையில் சென்றது. அதன் செயல்முறையில் வெளிவருவன யாவும் அளபுருக்களாக அறிவிக்கப்பட வேண்டும். செலக்ட்டின் விளைவு ஒரு மாறிக்குள் செல்லவேண்டும். இரண்டாம் பதிவு வந்தால் பிழை. இலக்கணத் தூய்மை இருந்தது, பன்மைக்கு வழியில்லை. 1990களின் நடுப்பகுதியில் வந்த ரெஃப் கர்சர் அதனைத் திறந்தது. பதிவுகளைத் தராமல், அவற்றை எடுத்துவரும் ஓட்டக்காரனையே அது செயலியிடம் ஒப்படைத்தது. இங்கே கைமாறியது பொறுப்பும்கூட. தரவுத்தளம் திறந்ததைச் செயலி மூடவேண்டும். மூட மறந்தால் திறந்த கர்சர்களின் எண்ணிக்கை வரம்பை மீறி, தொடர்பில்லாத வேறொரு கட்டளை தோற்கும். பழியோ பெரும்பாலும் தரவுத்தள நிர்வாகியின் தலையில் விழும்.

பதிவின் வடிவை முன்கூட்டியே அறிவிக்கும் வசதி ரெஃப் கர்சருக்கு இருந்தது. அதுவே அதன் பெருஞ்சிறப்பு எனலாம். ஆயினும் 2001இல் ஆரக்கிள் 9ஐ வடிவம் அறிவிக்காத பொதுக் கர்சர் வகையொன்றை ஆயத்தமாகவே அளித்தது. நிரலாளர் வசதியின் பக்கம் சாய்ந்தனர்.

மூன்றாம் பாதையைப் போஸ்ட்கிரெஸ் எஸ்கியூஎல் 2002இல் தன் 7.3ஆம் பதிப்பில் வகுத்தது. தொகுதி தரும் சார்பை அட்டவணை நிற்கும் இடத்திலேயே நிறுத்தி வினவலாம். மூன்றனுள் எஸ்கியூஎல்லின் இயல்புக்கு மிக அணுக்கமானது இதுவே. பன்மை இங்கே மொழியை விட்டு வெளியேறுவதற்கு முன் ஒருமுறை முழுமையாகச் சொல்லப்பட்டுவிடுகிறது.

ஜாவாவின் ஜேடிபிசி இடைமுகத்தில் ரெஃப் கர்சருக்கான பொதுவகை 2014இல்தான் இடம்பெற்றது. அதுவரை ஆரக்கிளுக்கே உரிய வகைப்பெயரை எழுதியோரின் நிரல், அந்நிறுவனத்தோடு கட்டுண்டே கிடந்தது. அதற்கு ஓராண்டு முன்பு வெளிவந்த ஆரக்கிள் 12சி, செலக்ட்டின் விளைவை அளபுரு அறிவிப்பின்றியே அழைத்தவரிடம் அனுப்பும் முறையை ஏற்றிருந்தது. பிற தரவுத்தளங்களிலிருந்து வருவோர்க்கு இடமாற்றம் எளிதாகும் என்பதே சொல்லப்பட்ட காரணம்.