காலடிப்பேட்டையின் சிவப்பு

ராயபுரத்திலிருந்து வடக்கே திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் போனால் காலடிப்பேட்டை வரும். 1717 முதல் 1720 வரை சென்னை ஆளுநராக இருந்த ஜோசப் காலெட், நெசவாளர்களையும் துணியில் சித்திரம் எழுதுவோரையும் குடியமர்த்திய ஊர் அது. ராயபுரத்தை ஒட்டிய வண்ணாரப்பேட்டையில் கிழக்கிந்தியக் கும்பினியின் துணிகளை வெளுத்தார்கள். துறைமுகமும் ஆலைகளும் வருவதற்கு முன்பே வடசென்னை துணியால் பிழைத்த ஊர். அந்தத் துணியின் சிவப்பு சாயவேரிலிருந்து வந்தது.

சாயவேர் என்பது இம்பூறல் செடியின் வேர். கடலோர மணலில் படரும் சின்னஞ்சிறு பூண்டு. வேர் மட்டும் மணலுக்குள் நூல்போல் நீண்டு இறங்கும். சாயம் தங்குவது வேரின் தோலில். உள்ளே உள்ள கட்டையில் அதிகம் இல்லை. பயிரிட்ட வேரைவிடத் தானாக முளைத்த வேர் குட்டையானாலும் கூடுதல் சாயம் தரும் என்று தாவரவியலாளர் வில்லியம் ராக்ஸ்பரோ எழுதினார். மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் இந்த வேரைத் தோண்டும் உரிமையை டச்சுக்காரர்கள் தங்கள் கைக்குள்ளேயே வைத்துக்கொண்டார்கள். அவ்வளவு மதிப்பு!

ஆனால் வேர் மட்டும் இருந்தால் போதாது. துணியைக் கடுக்காயும் எருமைப்பாலும் கலந்த நீரில் தோய்த்துக் காயவைத்து, அதன்மேல் படிகார நீரால் சித்திரம் எழுத வேண்டும். பிறகு வேர்ப்பொடியோடு கொதிக்க வைத்தால் படிகாரம் பட்ட இடம் அழுத்தமாகச் சிவக்கும். மற்ற இடத்தில் ஏறிய மங்கலான நிறத்தைச் சாணத்தாலும் வெயிலாலும் போக்கிவிடுவார்கள். சிவப்பைக் கையில் எடுத்துப் பூசுவதே இல்லை; எழுதும்போது கண்ணுக்குச் சரியாகத் தெரியாத கோடு, கொப்பரையில்தான் நிறம் பெறுகிறது. இதைக் கைவசப்படுத்தியவர்களின் பெயர்கள் பெரும்பாலும் நமக்குக் கிடைக்காமல் போனது பெரிய இழப்பு. பிரெஞ்சுப் பாதிரியார் கேர்து 1742இல் இந்த முறையைக் கேட்டறிந்து கடிதமாக எழுதி ஐரோப்பாவுக்கு அனுப்பினார். அதற்குள் அங்கே இந்தச் சீட்டித் துணிக்குப் பயந்து சட்டங்களே வந்துவிட்டன: பிரான்ஸ் 1686இலும், இங்கிலாந்து 1721இலும் தடை போட்டன.

சாயவேருக்குச் சிவப்பைத் தரும் அலிசரின் என்ற நிறமிதான் ஐரோப்பாவின் மஞ்சிட்டி வகை வேரிலும் நிறம் தருகிறது. 1736இல் ஜான் பெல்ச்சியர் என்ற லண்டன் அறுவை மருத்துவர், அந்தச் சாயம் கலந்த தவிட்டைத் தின்ற பன்றிகளின் எலும்புகள் சிவந்திருப்பதைக் கவனித்தார். அலிசரின் சுண்ணச்சத்தோடு பிணையும். அதனால் வளரும் எலும்பில் படிந்துவிடும். எலும்பு எப்படி வளர்கிறது என்று உடற்கூறாளர்கள் ஆராய அந்தச் சிவப்பே வழிகாட்டியது. ஆய்வகங்களில் கருவின் எலும்புகளைப் பார்க்க இன்றும் அலிசரின் சிவப்பைப் பயன்படுத்துகிறார்கள்.

1868இல் கிரேபே, லீபர்மான் என்ற இரு ஜெர்மானிய வேதியியலாளர்கள் அலிசரினைச் செயற்கையாக உருவாக்கினார்கள். அடுத்த ஆண்டே தொழிற்சாலை முறைக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பங்கள் போயின. நிலக்கரித் தாரிலிருந்து மலிவாகச் சிவப்பு கிடைத்தபின் மணலைக் கிளறி வேர் பிடுங்குவது கட்டுப்படியாகவில்லை. இம்பூறலை இப்போது சித்த மருத்துவர்கள்தான் அதிகம் தேடுகிறார்கள், இருமலில் இரத்தம் வருவதற்கு மருந்தாக.