பெயர் எழுதாத ஊசி: அமெரிக்கப் பள்ளிகளின் அவசர ஒவ்வாமை மருந்தும் அதன் பொதுச்செலவும்

அமெரிக்கப் பள்ளியொன்றின் மருத்துவ அறை அலமாரியில் இரண்டு வகை ஊசிப்பேனாக்கள் இருக்கக்கூடும். ஒரு வகை தனித்தனிப் பைகளில் இருக்கும். பைக்குப் பை ஒரு குழந்தையின் பெயர். பெற்றோர் தம் கையிலிருந்தோ காப்பீட்டின் வழியாகவோ வாங்கித் தந்தவை அவை. மற்றதில் எவர் பெயரும் இராது. வேர்க்கடலை தின்றோ குளவி கொட்டியோ எந்தக் குழந்தைக்குத் தொண்டை அடைத்து மூச்சு முட்டினாலும் அதை எடுத்துத் தொடையில் குத்தலாம். இரண்டிலும் இருப்பது ஒரே மருந்து. அங்கே எபினெஃப்ரின் என்கிறார்கள். நம் மருத்துவமனைகளில் அட்ரினலின். ஜோகிச்சி தகாமினே 1901-இல் பிரித்தெடுத்த பொருள் அது. மருந்தின் காப்புரிமை காலாவதியாகித் தலைமுறைகள் கடந்துவிட்டன. அப்படியிருந்தும் பெயர் எழுதாத அந்த ஊசியைப் பள்ளியில் வைத்திருப்பது அமெரிக்கப் பொதுப்பணத்துக்கு ஏன் இத்தனை பெரிய சுமையானது? வைத்திருக்கச் சொன்ன சட்டங்கள் வாங்கும் பொறுப்பை யாரிடமும் ஒப்படைக்கவில்லை. செலவு பெருகியதன் வேர் அதுவே என்பது இக்கட்டுரையின் வாதம்.

ஊசி வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை. 2012 ஜனவரி 2 அன்று வர்ஜீனியா மாநிலத்தின் செஸ்டர்ஃபீல்டு வட்டாரத்தில் ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி, விளையாட்டு நேரத்தில் இன்னொரு குழந்தை கொடுத்த வேர்க்கடலையைத் தின்று இறந்துபோனாள். அவளுக்குப் போட ஊசி பள்ளியில் இல்லை. அதே ஆண்டு வர்ஜீனியா தன் பள்ளிகளுக்குப் பொதுக் கையிருப்பைக் கட்டாயமாக்கியது. பெயர் எழுதிய ஊசிகள் மட்டும் போதாது என்பதற்கு ஆய்வுச் சான்றும் முன்பே இருந்தது. மாசச்சூசெட்ஸ் பள்ளிகளில் 2001 முதல் 2003 வரை எபினெஃப்ரின் போடப்பட்ட 115 நிகழ்வுகளை ஆராய்ந்தபோது, ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு உயிருக்கு ஆபத்தான ஒவ்வாமை இருப்பது பள்ளிக்கு அதுவரை தெரிந்திருக்கவில்லை என்று கண்டார்கள். சிகாகோ நகரப் பள்ளிகள் பொது ஊசியைக் கொண்டுவந்த 2012-13 கல்வியாண்டில் அது 38 முறை பயன்பட்டது. அவற்றில் பாதிக்கு மேல், ஊசி போடப்பட்டவர்களுக்கு வாழ்வில் முதல்முறையாக வந்த தாக்குதல். ஒவ்வாமை இருப்பதே தெரியாத குழந்தையின் பெயரை எந்தப் பையில் எழுதி வைப்பது?

2013 நவம்பர் 13 அன்று அதிபர் ஒபாமா கையெழுத்திட்ட பள்ளி எபினெஃப்ரின் சட்டம் இந்தத் தேவையை நாடு முழுவதற்கும் ஏற்றுக்கொண்டது. பள்ளிகள் ஊசி வைத்திருக்க வேண்டும், அதைப் போடப் பயிற்சி பெற்றவர் இருக்க வேண்டும், நல்லெண்ணத்தில் போட்டவருக்குச் சட்டப் பாதுகாப்பு வேண்டும் என்று விதிக்கும் மாநிலங்களுக்கு ஆஸ்துமா தொடர்பான மானியங்களில் முன்னுரிமை என்றது. ஊசி வாங்க மட்டும் ஒரு டாலரும் ஒதுக்கவில்லை. ஏறத்தாழ எல்லா மாநிலங்களும் பொதுக் கையிருப்பை அனுமதித்துச் சட்டம் இயற்றின. வர்ஜீனியா, மேரிலாந்து, நெவாடா போன்ற சில கட்டாயமாக்கின. செலவு மாவட்டக் கல்வி வாரியங்களின் தலையில் விழுந்தது. பேரம் பேசும் வலு இல்லாத ஆயிரக்கணக்கான சிறு வாங்குவோர், சந்தையில் பெரும்பங்கைக் கையில் வைத்திருந்த ஒரே விற்பனையாளர் முன் போய் நின்றார்கள்.

அந்த விற்பனையாளர் மைலான் நிறுவனம். 2007-இல் எபிபென் என்ற எபினெஃப்ரின் ஊசிப்பேனா அதன் கைக்கு வந்தபோது இரண்டு ஊசிகள் கொண்ட பெட்டியின் பட்டியல் விலை ஏறக்குறைய 100 டாலர். 2016-இல் 600 டாலரைத் தாண்டிவிட்டது. இடையில் 2011-இல் ஒற்றை ஊசி விற்பதையும் நிறுத்தி, இரட்டைப் பெட்டியை மட்டும் சந்தையில் விட்டார்கள். ஒரே ஊசி போதாமல் இரண்டாவது தேவைப்படும் நோயாளிகள் உண்டு என்பதால் இதற்கு மருத்துவ நியாயம் இருந்தது. ஆனால் பள்ளியின் கணக்கில் அது குறைந்தபட்சக் கொள்முதலை இரட்டிப்பாக்கியது. 2012-இல் நிறுவனம் பள்ளிகளுக்கு இலவச ஊசித் திட்டம் தொடங்கியது. 2016 வரை 65,000-க்கும் மேற்பட்ட பள்ளிகளுக்கு 7 லட்சத்துக்கும் மேற்பட்ட ஊசிகள் போனதாக அது அறிவித்தது. அந்த ஊசிகளால் பிழைத்த குழந்தைகள் இருக்கிறார்கள். அதை மறுப்பது நேர்மையாகாது. ஆனால் இலவசத்துக்கு மேல் தள்ளுபடி விலையில் வாங்க விரும்பிய பள்ளிகள், பன்னிரண்டு மாதங்களுக்குப் போட்டி நிறுவனத்தின் ஊசியை வாங்குவதில்லை என்று எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது. அந்த நிபந்தனை 2015-இல் விலக்கப்பட்டது. அதற்குள் ஆசிரியர்கள் ஒரே ஊசியில் பயிற்சி பெற்று, ஒரே கருவியின் படம் சுவர்களில் ஒட்டப்பட்டு, மாற்று ஊசி என்றால் மறுபயிற்சி என்ற நிலை வந்துவிட்டது. கொடையின் விலை இதில்தான் இருக்கிறது. எந்த வரவுசெலவு அறிக்கையிலும் அது ஏறாது.

2016 செப்டம்பரில் நாடாளுமன்றக் குழு முன் நிறுவனத் தலைவர் ஹெதர் பிரெஷ் சொன்ன கணக்கு பதிவில் இருக்கிறது. 608 டாலர் பெட்டியில் தள்ளுபடிகளும் கழிவுகளும் போக நிறுவனத்துக்கு வருவது 274 டாலர், தயாரிப்புக்கு 69 டாலர், மற்றச் செலவுகள் போக இலாபம் 100 டாலர் என்றார். அது வரியைக் கழித்த தொகை, வரிக்கு முந்தைய இலாபம் 166 டாலர் என்று சில நாட்களில் திருத்தம் வந்தது. அதைவிடப் பெரிய பொதுச்செலவு வேறிடத்தில் கிடந்தது. ஏழைகளுக்கான மெடிக்கெய்டு காப்பீட்டில் எபிபென்னைப் பொதுப்பெயர் மருந்தாக வகைப்படுத்தியதால் அரசுக்குத் திருப்பித் தர வேண்டிய கழிவு குறைந்தது. பத்தாண்டுகளில் அரசு 127 கோடி டாலர் வரை கூடுதலாகக் கொடுத்திருக்கலாம் என்று சுகாதாரத் துறையின் தணிக்கை அலுவலகம் மதிப்பிட்டது. நிறுவனம் 2017-இல் 46.5 கோடி டாலருக்குச் சமரசம் செய்துகொண்டது.

இனி ஊசியையே கையில் எடுத்துப் பார்ப்போம். நீல மூடியை இழுத்து, ஆரஞ்சு முனையைத் தொடையின் வெளிப்புறத்தில் அழுத்தி, மூன்று எண்ணும் வரை பிடித்தால் வேலை முடிந்தது. உடையைக் கழற்ற வேண்டியதில்லை. எபிபென்னுக்குள் 2 மில்லி கரைசல் இருக்கிறது. உடம்புக்குள் போவது 0.3 மில்லி. மிச்சம் 1.7 மில்லி ஊசியிலேயே தங்கி, ஊசியோடு குப்பைக்குப் போகிறது. பக்கத்துச் சாளரத்தில் கரைசல் தெளிவாகத் தெரிய வேண்டும். பழுப்பேறினால் தூக்கிப் போட வேண்டும். வாழ்நாள் வழக்கமாக 12 முதல் 18 மாதங்கள். பள்ளி வாங்கும் ஊசிகளில் மிகப் பெரும்பாலானவை ஒருவர் தொடையையும் தொடாமலே காலாவதியாகின்றன. தீயணைப்புக் கருவியைப் போல இதுவும் பயன்படாமல் போனால் நல்லதுதான். ஆனால் ஒன்றரை ஆண்டுக்கொரு முறை புதிது வாங்கச் சொல்லும் தீயணைப்புக் கருவி இது.

அந்தக் காலாவதித் தேதி எவ்வளவு மெய்யானது? கலிஃபோர்னிய நச்சுக் கட்டுப்பாட்டு அமைப்பைச் சேர்ந்த ஆய்வாளர்கள் காலாவதியான 40 ஊசிகளைச் சோதித்து 2017-இல் முடிவை வெளியிட்டனர். தேதி கடந்து 50 மாதமான ஊசியிலும் மருந்து 84 விழுக்காட்டுக்கு மேல் எஞ்சியிருந்தது. பழைய ஊசிகளையே வைத்துக்கொள்ளலாம் என்று நான் இதிலிருந்து சொல்லவில்லை. குழந்தைக்குப் போடும் மருந்தின் தரத்தை ஒரு சிறிய ஆய்வின் பேரில் தளர்த்தக் கூடாது. ஆனால் 2018-இல் தட்டுப்பாடு வந்தபோது, குறிப்பிட்ட தொகுதி எண்களுக்கு உணவு மருந்து நிர்வாகமே நான்கு மாதம் நீட்டிப்புத் தந்தது. அமெரிக்கக் கூட்டரசு தன் சொந்த மருந்துக் கிடங்குகளுக்காக 1986 முதல் மருந்துகளைச் சோதித்து ஆயுளை நீட்டும் திட்டம் நடத்திவருகிறது. அந்தக் கிடங்கு மருந்துகளுக்குச் செய்யும் சோதனையைப் பள்ளிகளின் மருந்துக்கும் செய்தால் வீணாகும் பணத்தில் கணிசமான பகுதி மிஞ்சும்.

பொதுக் கையிருப்புக்கு எதிரான வலுவான வாதம் வேறு. சிகாகோவின் 600-க்கும் மேற்பட்ட பள்ளிகளில் இரண்டு அளவு ஊசியிலும் ஒவ்வொரு பெட்டி, பெட்டிக்கு 300 டாலர் என்று வாங்கியிருந்தால், 38 முறை பயன்பட்டதற்கு ஒரு முறைக்குக் கிட்டத்தட்ட 9,500 டாலர் ஆகியிருக்கும். உணவு ஒவ்வாமையால் நேரும் மரணம் மிக அரிது என்பதால், காப்பாற்றிய ஓர் உயிருக்கு இத்தனை டாலர் என்று பார்த்தால் தொகை இன்னும் பல மடங்காகும். இந்தக் கணக்கை உதறிவிட முடியாது. பள்ளிப் பணம் எல்லையற்றதன்று. ஊசிக்குப் போனது செவிலியர் சம்பளத்துக்கு வராது.

ஆனால் இந்தக் கணக்கு அலமாரியின் ஒரு தட்டை மட்டும் பார்க்கிறது. அமெரிக்கக் குழந்தைகளில் 13 பேரில் ஒருவருக்கு உணவு ஒவ்வாமை என்பது பரவலாக ஏற்கப்பட்ட மதிப்பீடு. 500 பேர் படிக்கும் பள்ளியில் சுமார் 38 குழந்தைகள். அவர்களில் பத்தில் நால்வருக்கு ஊசிக்கான மருந்துச்சீட்டு இருப்பதாகக் கொண்டால் 15 குடும்பங்கள். வீட்டுக்கு ஒன்று போகப் பள்ளிக்கு என்று ஒவ்வொரு குடும்பமும் ஒரு பெட்டி வாங்கித் தந்தால் 4,500 டாலர். அதே பள்ளியின் பொதுக் கையிருப்பு இரண்டு பெட்டி, 600 டாலர். பெரிய கட்டடம், மருத்துவ அறைக்கு ஓடிவர நேரமாகும் என்றால் உணவுக்கூடம், விளையாட்டுத் திடல் என நான்கு இடங்களில் வைக்கலாம். அப்போதும் 2,400 டாலர்தான். பெயர் எழுதிய ஊசி பையோடு குழந்தை கூடவே போகட்டும், பள்ளியில் விட்டுவைக்கும் இரண்டாம் பெட்டிக்குப் பதில் பொது ஊசி நிற்கட்டும் என்று சட்டம் சொன்னால் மொத்தச் செலவு இறங்கும். பெரும்பாலான இடங்களில் அப்படிச் சொல்லவில்லை; பொது ஊசி கூடுதல் பாதுகாப்பு மட்டுமே, பெற்றோர் தமக்குரியதைத் தந்தே ஆகவேண்டும் என்கிறார்கள். அதனால் இரண்டு தட்டுக்கும் பணம் போகிறது. வாங்கித் தர வழியில்லாத வீட்டுக் குழந்தைக்கு மட்டும் ஒரே தட்டு.

ஊசிப்பேனாவை விட்டுவிட்டு ஆம்பூலும் சிரிஞ்சும் வைத்தால் என்ன? நம் கிராம சுகாதார செவிலியர் தடுப்பூசி முகாமுக்குக் கொண்டுபோகும் பெட்டியில் 1 மில்லியில் 1 மில்லிகிராம் அட்ரினலின் ஆம்பூல்களும் சிறு சிரிஞ்சுகளும் வயதுக்கேற்ற அளவு அட்டையும் இருக்கின்றன. குழந்தை துவண்டால் மருத்துவருக்குக் காத்திராமல் ஒரு முறை போட அவருக்கு வழிகாட்டுதல் இடம் தருகிறது. அமெரிக்காவிலேயே வாஷிங்டன் மாநிலத்தின் கிங் கவுன்டியில் ஆம்புலன்ஸ் பணியாளர்கள் ஊசிப்பேனாவைக் கைவிட்டு இந்த முறைக்கு மாறினார்கள். ஆனால் பயிற்சி இல்லாத கைக்கு இது ஆகாது. கனடாவில் எஸ்டெல் சைமன்ஸ் குழு 2001-இல் வெளியிட்ட ஆய்வில், ஆம்பூலிலிருந்து மருந்தை உறிஞ்ச மருத்துவர்களுக்குச் சராசரி 52 வினாடி, பெற்றோருக்கு 142 வினாடி. பெற்றோர் உறிஞ்சிய அளவுகளோ ஒன்றுக்கொன்று 40 மடங்கு வரை வேறுபட்டன. அமெரிக்கப் பள்ளிகளில் ஏறத்தாழ நான்கில் ஒன்றில் செவிலியரே கிடையாது என்பதை இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். செவிலியர் முழுநேரம் இருக்கும் பள்ளிக்கு ஆம்பூல் பெட்டி, இல்லாத பள்ளிக்கு ஊசிப்பேனா என்று பிரித்து வாங்கினால் மிஞ்சும் பணம் செவிலியர் இல்லாத பள்ளிக்கே போகலாம். ஒரே பொருளை எல்லாப் பள்ளிக்கும் விதிப்பதால் விற்பவருக்கே ஆதாயம்.

மாநில அரசே மொத்த ஒப்பந்தத்தில் வாங்கி, தேதி நெருங்கும் ஊசிகளை அதிகம் பயன்படும் அவசர ஊர்திகளுக்கு மாற்றி, பள்ளிக்குப் புதியதை அனுப்பும் ஏற்பாடு கடினமானதன்று. 2018 ஆகஸ்டில் டேவா நிறுவனத்தின் பொதுப்பெயர் ஊசிக்கு அனுமதி கிடைத்தபின் போட்டி ஒப்பந்தத்துக்கு இடமும் வந்துவிட்டது. 2024 ஆகஸ்டில் ஊசியே இல்லாத மூக்குத் தெளிப்பான் நெஃபிக்கும் அனுமதி கிடைத்தது. ஊசியைக் கண்டு அஞ்சும் ஆசிரியர் தயங்காமல் எடுப்பார், வெயிலையும் அது கூடுதலாகத் தாங்கும் என்பதால் எனக்கும் அதில் ஆர்வம் உண்டு. அதைப் பள்ளிகளுக்கு இலவசமாகத் தரும் திட்டமும் தொடங்கியிருக்கிறது. கல்வி வாரியங்கள் அந்தப் பெட்டிகளை வாங்கி அலமாரியில் அடுக்கும் முன், அடுத்த ஆண்டு விலை என்ன, வேறு நிறுவனத்தின் மருந்தும் அதே தட்டில் இருக்கலாமா என்ற இரண்டு கேள்விகளுக்கும் எழுத்தில் பதில் வாங்க வேண்டும்.